ஆட்கள் இல்லை என்று அப்பா எழுதிய இடம்

போன மாதம் மாதா கோயிலில் இருந்து நம் வயதுக்காரர் எல்லோரும் பஸ் பிடித்துக் காடு பார்க்கப் போனோம் அல்லவா? அந்தப் பயணத்தில் நான் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை என்று உங்களில் சிலர் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வாசலில் டிக்கெட் எடுத்து, ஜீப்பில் ஏறி, யானை பார்த்து, மான் பார்த்து, அதுவரைக்கும் உங்களோடுதான் வந்தேன். பிறகு காட்டு எல்லைக்கு வெளியே, வேடர் கிராமம் என்று பலகை போட்ட இடத்தில் பஸ் நின்றது. நீங்கள் இறங்கிப் போனீர்கள். தோளில் கோடாலி வைத்தவர்கள் உங்களுக்கு ஆடிக் காட்டினார்கள், தேன் போத்தல் விற்றார்கள், நீங்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்தீர்கள். நான் ஜன்னலோரம் இருந்துகொண்டேன்.

"அவவுக்குப் பெருமை. மண்ணில கால் வைக்க மாட்டா" என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. காது இன்னும் நன்றாகக் கேட்கிறது, நன்றி.

பெருமை எனக்கு உண்டு. ஆனால் அன்றைக்கு நான் இறங்காததற்குக் காரணம் வேறு. அந்தக் காட்டுக்கு வாசலும் டிக்கெட்டும் வருவதற்கு முன்னால், அதற்கு எல்லை போட்ட நாட்களில், நான் அங்கே இருந்தவள். எல்லைக் கோட்டின் ஒரு மூலை என் அப்பாவின் எழுத்தால் விழுந்தது. கேட்டவர்களுக்கு வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்து நண்டு ஊர்ந்த மாதிரித்தான் இருக்கும். பேத்தியிடம் கொடுத்தால் அழகாக எழுதித் தருவாள். அந்த அழகு இதற்கு வேண்டாம்.

கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்தது ஒரு தோட்டத்தில். தோட்டம் என்றால் மரமும் செடியும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். எல்லோருக்கும் ஒரு பைப், முதுகோடு முதுகு ஒட்டிய அறைகள், கப்பல் ஊதினால் சுவரில் தொங்குகிற படங்கள் அதிரும். வெள்ளைக்காரன் போய்க் கொஞ்ச வருடம்தான் ஆகியிருந்தது. அடிக்கடி முனிசிபல் கந்தோரில் இருந்து யாராவது ஆட்களை எண்ண வருவார்கள். இந்த அறையில் எத்தனை பேர், அந்த அறையில் எத்தனை பேர் என்று. சந்து முனையில் ஒரு பெண் சத்தம் கொடுப்பாள். உடனே எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு கோயிலுக்குள் போய் இருப்போம். வேலை நாளில், காலை நேரத்தில், பெஞ்சு நிறைய ஆட்கள். பங்குச் சுவாமி உள்ளே இருந்து எட்டிப் பார்த்து, "இண்டைக்கு என்ன திருநாள்?" என்று கேட்பார். அவருக்கும் தெரியும்.

பூட்டிய வீடு என்று எழுதிக்கொண்டு அவர்கள் போய்விடுவார்கள். நின்று நேர்மையாகப் பதில் சொன்ன வீட்டுக்குத்தான், கூட்டம் கூடிப்போச்சு, வீட்டை விட்டு எழும்பு என்று பிறகு கடிதம் வரும். அப்படி எழுப்பப்பட்டு முகத்துவாரம் பக்கம் தகரக் கொட்டிலுக்குப் போனவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். அப்பா சொல்வார்: "பேப்பரில ஏத்தினாத்தானே இறக்குவான்? ஏறாம இருந்திட்டா ஒரு கரைச்சலும் இல்ல." எங்கள் தோட்டத்தில் அதை மறுத்துப் பேச யாரும் இல்லை.

அப்பா ஒரு அரசாங்கக் கந்தோரில் ஓவசியர். காடு அளக்கிற கூட்டத்தோடு அடிக்கடி போவார். அந்த வருடம் அம்மாவுக்கு இருமலும் நெஞ்சு வருத்தமும் வந்து ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டார்கள். பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் கை காட்டுவேன். அம்மா கட்டிலில் இருந்தபடி சீலைத் தலைப்பைக் காட்டுவாள். அப்பாவைக் காட்டுக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்ததும், அவருக்குச் சமைத்துப் போட அவருடைய தங்கை, என் மாமி, போவதாக முடிவானது. மாமிக்குக் கலியாணம் ஆகவில்லை. என்னை யாரிடம் விடுவது?

"ஒரு டேர்ம் பிள்ளைய நிப்பாட்டுறது நல்லதில்ல" என்றார் பள்ளிக்கூட மதர்.

"அப்ப நீங்க வச்சுப் பாருங்க மதர். சட்டி கழுவுவாள், பாய் நனைக்க மாட்டாள்" என்றாள் மாமி.

அந்த டேர்ம் எனக்கு இன்னும் முடியவில்லை.

மருதானையில் ரயில் ஏறி, ஒரு சின்ன ஸ்டேசனில் இறங்கி, லொறியில் போனோம். லொறி ட்ரைவரை நான் அய்யே என்று, சிங்களத்து அண்ணன் முறையில், கூப்பிடுவேன். சிங்களத்தில் பாட்டுப் படித்துக்கொண்டே ஓட்டுவார். காட்டுக்குள் நாங்கள் தங்கிய வாடி இலுக்குப் புல்லால் வேய்ந்தது. லாந்தர், ஒரு தகரப் பெட்டி, மலேரியாக் காய்ச்சலுக்குக் கசக்கிற கொய்னா குளிசை. அப்பாவுடைய ஆட்கள் அளக்கிற சங்கிலியை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் இன்றைக்கும் எனக்குள் இருக்கிறது. இரும்பு வளையங்கள் சருகில் உரசிக்கொண்டு, கல்லில் ஏறும்போது ஒரு கிலுக்கம். அப்பாவின் வேலை அவர்களை மேய்ப்பது, எந்த இடத்தில் ஆறு, எந்த இடத்தில் பாறை, எந்த இடத்தில் ஆட்கள் என்று எழுதிக்கொள்வது. அவ்வளவு காட்டையும் ஏன் அளக்கிறார்கள் என்று மாமி கேட்டாள். மிருகங்களுக்கு விடப் போகிறார்களாம் என்றார் அப்பா. மாமிக்குச் சிரிப்பு வந்தது. "மனிசருக்கு ஒரு அறை இல்ல. யானைக்கு ஊரே குடுக்கிறாங்கள்."

வேடர் கிழவர் அங்கேதான் வந்தார். சத்தமே இல்லாமல் வந்து வாடி வாசலில் நின்றார். குள்ளமான ஆள், நெஞ்சு வரைக்கும் தாடி, தோளில் கோடாலி மாட்டியபடி. மாமி கத்தினாள். குடையை விரித்துக்கொண்டு பின்னால் போனாள், என்னவோ மழை வந்த மாதிரி. கிழவர் அப்பாவைப் பார்த்துக் கேட்டார்: "இந்தப் பொம்பிளை ஏன் கரடிக்கெல்லாம் கேட்கக் கதைக்கிறாள்?" அவருடைய பேச்சு சிங்களமும் அவர்களுடைய சொந்தப் பாஷையும் கலந்தது. கொட்டாஞ்சேனைச் சந்தில் வளர்ந்தவளுக்குச் சிங்களம் யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மீதியையும் கெதியில் பிடித்துக்கொண்டேன். அவர் சொன்னதை என் தமிழில்தான் இங்கே எழுதுகிறேன். அப்பாவை அவர் ஹூரா என்று கூப்பிட்டார். மச்சான் மாதிரி, சிநேகிதன் மாதிரி ஒரு சொல்.

சுரைக்குடுவையில் தேன் கொண்டுவந்திருந்தார், வாயை இலையால் அடைத்து. நாம் இன்றைக்குப் போத்தலில் வாங்கும் தேன் இல்லை. கறுப்பாக, புகை வாசமாக, தொண்டையில் இறங்கும்போது கொஞ்சம் எரிக்கும். அம்மாவின் நெஞ்சுக்கு என்று அப்பா ஒரு குடுவையைக் கட்டி வைத்தார். அது ரயிலில் வரும்போது உடைந்து தகரப் பெட்டிக்குள் எல்லாம் ஊறிப்போனது. என் ஒரே ஒரு நல்ல சட்டை, பள்ளிக்கூடப் புத்தகம், எல்லாம் எறும்புக்குப் போனது. அது பிறகு.

அவர்களுடைய குடிசைகள் ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் இருந்தன. விரல் விட்டு எண்ணக்கூடிய குடிசைகள்தான். முன்னால் காடு வெட்டிச் சோளம் போட்ட சேனை, கீழே ஒரு ஓடை. கிழவருடைய பேத்திக்கு என் வயது. அவள் தலையில் எப்போதும் விறகுப் புகை மணக்கும். அது பாலைப்பழக் காலம். மஞ்சள் பழம், வாயில் போட்டால் உதடு இரண்டும் பால் பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டின வாயோடு நாங்கள் இரண்டு பேரும் கதைக்கப் பார்த்துச் சிரித்து உருளுவோம். அவளுடைய தாய் வயிற்றுப் பிள்ளைக்காரி. என் உதட்டில் எண்ணெய் தடவி ஒட்டைக் கழற்றிவிடுவாள். அவள் கை சொரசொரப்பாக இருக்கும். அம்மா தொட்டுப் பல நாள் ஆகியிருந்ததால், ஒட்டாத நாளிலும் ஒட்டியது மாதிரி முகத்தை நீட்டிக்கொண்டு போய் நிற்பேன். அவளுக்குத் தெரிந்திருக்கும். தடவிவிடுவாள்.

ஒருநாள் என் கழுத்துக் கயிற்றில் தொங்கிய சுருவத்தைப் பிடித்துப் பார்த்து, இது யார் என்று கேட்டாள்.

"அந்தோனியார். தொலைஞ்ச சாமானைக் கண்டுபிடிச்சுத் தருவார்" என்றேன்.

"எங்களிடம் தொலைகிற மாதிரி ஒன்றும் இல்லையே" என்று சிரித்தாள்.

அவள் பிள்ளைப் பேற்றில் செத்துப்போனாள். மாமியை வந்து கூப்பிட்டார்கள். குடையும் இல்லாமல் மாமி ஓடினாள். திரும்பி வரும்போது சீலை எல்லாம் கறை. பிள்ளையும் நிற்கவில்லையாம். அதன் மூச்சு அடங்க முன்னம் மாமி ஓடைத் தண்ணியைத் தலையில் விட்டு ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறாள். "ஆருக்கும் சொல்லாத. கேட்டா அவங்களுக்குப் பிடிக்குமோ தெரியா" என்று என்னிடம் சொன்னாள். அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை.

அடுத்த நாள் கிழவர் வந்தார். இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாக எழுத வேண்டும். நான் பக்கத்தில் நின்று கேட்டது இது.

"ஹூரா, நாங்கள் அந்தப் பக்கம் மலை அடிக்குப் போகிறோம். செத்தவள் கிடக்கிற இடத்தில் உடனே இருக்கக் கூடாது. அவளுக்கு அந்த இடத்தை விட்டுக்கொடுக்க வேணும். மழை பெய்து ஓய்ந்த பிறகு திரும்பி வருவோம். விதைச் சோளத்தை வீட்டுக்குள் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். உன் பெரிய துரை வந்தால் சொல்லு. இது ஆள் இருக்கிற இடம், ஆட்கள் வருவார்கள் என்று சொல்லு."

"சொல்லுறன்" என்றார் அப்பா. கையைப் பிடித்துச் சொன்னார்.

அப்பாவின் கந்தோர்ப் பெரிய துரை கொழும்பில் இருந்து வந்து எல்லை பார்க்க நடந்தபோது, அப்பா அவருக்கு முன்னால் அந்தப் பாறைப் பக்கம் விறுவிறு என்று போனார். வழி காட்டுகிறார் என்று நினைத்து நானும் பின்னால் ஓடினேன். அப்பா கிழவருடைய குடிசைக்குள் குனிந்து போய், தொங்கிய சோளக் கதிர்களை அவிழ்த்தார். கொண்டுபோய்ப் பாறை இடுக்கில் வைத்து இலை போட்டு மூடினார். அடுப்புச் சாம்பலைக் காலால் கலைத்துவிட்டார். துரை வந்தார். தொப்பியால் விசிறிக்கொண்டே குடிசைகளைப் பார்த்தார்.

"ஆட்கள்?"

"ஒருத்தரும் இல்ல சேர். விட்டிட்டுப் போயிட்டாங்கள்."

எழுதும் என்றார் துரை. அப்பா எழுதினார்.

அன்று பின்னேரம் மாமி கேட்டாள். "அண்ணா, அந்தாள் மழைக்குப் பிறகு வருவம் எண்டு சொல்லச் சொன்னவரெல்லோ?"

"சொல்லி? நாளைக்கே பொலிஸோட வந்து எழும்படா எண்டுவான். இருக்கிறவன எழுப்பலாம். இல்லாதவன எப்பிடி எழுப்புறது? அவங்கட பாட்டில வந்து இருக்கட்டும். யானைக்கு நடுவில ஆர் போய் எண்ணப் போறான்?"

மாமி கொஞ்சம் யோசித்தாள். "அதுவும் சரிதான். நாங்களும் கதவைப் பூட்டிற்றுப் போறனாங்கள்தானே." அப்பாவின் தட்டில் இன்னொரு கருவாட்டுத் துண்டு வைத்தாள். ஒரு நல்ல காரியம் செய்தவருடைய திருப்தியோடு அப்பா அதைச் சாப்பிட்டார். எனக்கும் பெருமையாக இருந்தது. நம் தோட்டத்து ஆள் யாராக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள். நீங்களும்தான்.

நாங்கள் கொழும்புக்குத் திரும்பினோம். அம்மாவை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள், ஆனால் பாய்க்கும் கதவுக்கும் இடையில்தான் அவள் நடமாட்டம். மாமி ஒரு தையல் கடைக்கு வேலைக்குப் போனாள். அடுப்பு என் கைக்கு வந்தது. மதர் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

மழைக்காலம் போன பிறகு ஒரு காலையில் பைப்படியில் பெரிய ஆரவாரம். ஒரு பெண் ஓடி வந்தாள். "ஓவசியர் வீட்டுக்கு ஆரோ வந்திருக்காங்க, கோடாலியோட!"

லொறி ட்ரைவர் அய்யேதான் முன்னால் வந்தார். பின்னால் கிழவர். அய்யேயின் சாரத்தை அவருக்குக் கட்டிவிட்டிருந்தார்கள். அது நெஞ்சில் ஏறி நின்றது. தோளில் அதே கோடாலி. பைப்படியில் வாளியோடு நின்ற எல்லாப் பெண்களும் பார்க்க, ஒருத்தி மாமியைப் பார்த்து, "காட்டுக்குப் போய் மாப்பிள்ளை பிடிச்சிட்டுத்தான் வந்திருக்கிறா, எங்களுக்குச் சொல்லவே இல்லையே!" என்றாள்.

"உன்ர புருசனோட பக்கத்தில நிக்கவச்சுப் பாரடி. பிறகு கதை" என்றாள் மாமி. சொல்லிவிட்டு, கிழவருக்குக் குடிக்கத் தண்ணி எடுத்துவந்தாள்.

கிழவர் எங்கள் வாசற்படியில் குந்தினார். பைப் தண்ணியை வாயில் வைத்துவிட்டுக் கீழே வைத்தார். நடந்ததை அய்யே பாதியும் அவர் பாதியுமாகச் சொன்னார்கள். மழை ஓய்ந்து திரும்பிப் போயிருக்கிறார்கள். விதைச் சோளத்தைக் காணவில்லை. யானை தின்றதாக நினைத்து வேறு விதை தேடிப் போட்டிருக்கிறார்கள். முளைத்தபோது காவல்காரர்கள் வந்தார்கள். இது காவற்காடு, நீங்கள் எங்கிருந்து வந்து புகுந்தீர்கள் என்று கேட்டார்கள். பேப்பரில் ஆட்கள் இருந்த வேறு குடியிருப்புகளைச் சுற்றி, அவற்றை வெளியே விட்டு, எல்லைக்கோடு வளைந்து போயிருந்தது. ஆள் இல்லை என்று எழுதிய இடத்தில் மட்டும் வளையாமல் நேராகப் போயிருந்தது. குடிசைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்களாம்.

பேப்பரில் ஏறினால் இடம் தருகிற அரசாங்கமும் உண்டு என்று எங்கள் தோட்டத்தில் யாருக்குத் தெரியும்?

"நீ வந்து சொல்லு, ஹூரா" என்றார் கிழவர். "துரைக்கு நீ சொன்னதை அவர் மறந்துபோனார் போல. நாங்கள் இருந்தோம், நீ கண்டாய், எங்கள் தேனைத் தின்றாய். அதை மட்டும் சொல்லு. கோட்டைக் கொஞ்சம் வளைக்கச் சொல்லு."

அப்பா உள்ளே போய்ச் சட்டை மாற்றினார். அவ்வளவு நேரம் ஒரு சட்டையை யாரும் மாற்றி நான் பார்த்ததில்லை. அம்மா பாயில் இருந்தபடி, "இவளையும் கூட்டிக்கொண்டு போங்க. ரோட்டில அந்தாளுக்குக் கை பிடிக்க ஆள் வேணும்" என்றாள். பஸ் ஒவ்வொன்றும் போகும்போது கிழவர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

கந்தோர் வாசலில் கோடாலியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். தோள் வெறுமையானதும் கிழவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். நானும் அவரும் விறாந்தைப் பெஞ்சில் இருந்தோம். அப்பா உள்ளே போனார். கதவு பாதி திறந்திருந்தது, பேச்சு இங்கிலீஷில் இருந்தது. உள்ளே நடந்ததை அப்பா இரவு அம்மாவுக்குச் சொல்லும்போதுதான் கேட்டேன்.

அப்பா உண்மையைச் சொல்லியிருக்கிறார். அதை நான் பெருமையாகவே சொல்வேன். கிழவர் தன்னிடம் சொல்லிவிட்டுப் போனதையும், சோளத்தை ஒளித்ததையும், எல்லாவற்றையும். துரை கத்தவில்லையாம். நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டிருக்கிறார்: "அண்டைக்குப் பொய் எழுதினீர் எண்டுறீர். அப்ப இண்டைக்குச் சொல்லுறதை மேலிடம் ஏன் நம்ப வேணும்?" பிறகு சொன்னாராம், கோடு அச்சாகிவிட்டது, இனி அது அசையாது. இதை நான் மேலே அனுப்பினால் உமக்கு வேலை போகும், கோடு அசையாது. அனுப்பாவிட்டால் உமக்கு வேலை இருக்கும், கோடு அசையாது. வீட்டில் வருத்தக்காரி இருக்கிறா அல்லவா, போய்ப் பாரும்.

அப்பா வெளியே வந்தார். கிழவர் எழுந்து நின்றார்.

"என்ன சொன்னார், ஹூரா?"

ஆஸ்பத்திரியில் டொக்டர் சொல்வதை அம்மாவிடம் வந்து சொல்லும்போது அப்பாவுக்கு ஒரு குரல் உண்டு. கொஞ்சம் உயர்ந்து, கொஞ்சம் வேகமாக. நல்லாகுதாம், சளி குறைஞ்சிட்டுதாம் என்று சொல்லும் குரல். டொக்டர் அப்படி எதுவும் சொல்லியிருக்க மாட்டார். அந்தக் குரலில் அப்பா சொன்னார்:

"சரி எண்டுட்டார். கோட்டை வளைக்கிறாராம். நீங்க உங்கட இடத்துக்குப் போகலாம்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ட்ரைவர் அய்யே அடுத்த வருடம் வந்து சொன்னது. கிழவர் திரும்பிப் போய், சொந்தக்காரர் எல்லோரையும் கூட்டி, அதே பாறைக்குப் பின்னால் மறுபடி குடிசை போட்டார். காவல்காரர்கள் வந்தபோது மற்றவர்கள் ஓட, அவர் மட்டும் ஓடவில்லை. துரை சரி என்று சொல்லிவிட்டார், கொட்டாஞ்சேனை ஓவசியரைக் கேளுங்கள் என்று நின்றாராம். பிடித்துக்கொண்டு போய் மறியல் சிறையில் அடைத்தார்கள். மறியலில் காய்ச்சல் கண்டு அங்கேயே முடிந்துபோனார். மற்றவர்களை எல்லைக்கு வெளியே வரிசையாகத் தகரக் கூரை போட்டு இருத்தினார்கள். நீங்கள் படம் எடுத்தது அந்த வரிசையில்தான். என்னோடு பாலைப்பழம் தின்றவள் இருக்கிறாளா, அவளுடைய பிள்ளைகள் இருக்கிறார்களா, எனக்குத் தெரியாது. இறங்கிப் போய் நின்றால், பாட்டி எந்த ஊர் என்று யாராவது மரியாதைக்குக் கேட்பார்கள். கொட்டாஞ்சேனை என்று நான் சொல்ல வேண்டும்.

அப்பா கடைசிவரை அதே கந்தோரில் வேலை செய்து, ஒரு மணிக்கூடும் மாலையும் வாங்கிக்கொண்டு வந்தார். அம்மா அதற்கு வெகுகாலம் முன்னாலேயே போய்விட்டாள். கிழவரைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சு இல்லை. மாமி மட்டும் சாகும்வரை செபமாலையின் முடிவில் பெயர் சொல்லாமல் ஒரு கர்த்தர் கற்பித்த செபம் கூட்டிச் சொல்வாள். அது அந்தக் குழந்தைக்கா, கிழவருக்கா என்று நான் கேட்டதில்லை.

ஆனால் அன்றைக்குக் கந்தோரை விட்டு வந்த கிழவரைத்தான் எனக்கு மறக்க முடியவில்லை. கோடாலியைத் திருப்பி வாங்கித் தோளில் மாட்டியதும் பத்து வயது குறைந்தவர் மாதிரி ஆனார். அப்பா கேட்டார், கடல் பார்க்கிறீர்களா என்று. ரயிலுக்கு நேரம் இருந்தது. காலிமுகத்திடலுக்குப் போனோம். கிழவர் முழங்கால் வரைக்கும் இறங்கி, ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டுத் துப்பினார். பிறகு கரையெல்லாம் கேட்கச் சிரித்தார்.

"இவ்வளவு தண்ணி! ஒரு மிருகத்துக்கும் பிரயோசனம் இல்லையே, ஹூரா! இதை ஏன் நீங்கள் வைத்திருக்கிறீர்கள்?"

கடலை வண்டிக்காரனும் சிரித்தான். நானும் சிரித்தேன். அலை வந்து, அவர் கட்டியிருந்த அய்யேயின் சாரத்தை நனைத்தது. கிழவர் அதைப் பிழிந்துகொண்டே, உன் பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு வா, எங்கள் ஓடைத் தண்ணி குடித்தால் இருமல் நிற்கும், அவள் நடக்கிற மாதிரி நான் பாதை வெட்டி வைக்கிறேன் என்றார். அப்பா ஓம் ஓம் என்று தலையாட்டினார். வரலாம், கட்டாயம் வரலாம்.

மருதானை ஸ்டேசனில் வெளிச்சம் இன்னும் இருந்தது. அங்கே காத்திருந்த அய்யேக்குப் பக்கத்தில், கிழவரை ஜன்னலோரம் இருத்தினோம். ரயில் புறப்பட முன்னம் அவர் வெளியே கையை நீட்டி அப்பாவின் தோளைப் பிடித்து இழுத்தார். ஒரு முக்கியமான சங்கதி மறந்துபோன மாதிரி.

"ஹூரா, அந்தத் துரை நல்ல மனுசன். வெறுங்கையோடு விடக் கூடாது. மரை இறைச்சி வத்தல் கொடுத்தனுப்பினால் தின்பாரா?"

"தின்பார்" என்றார் அப்பா.

"பிள்ளைகள் இருக்கா?"

"மூண்டு பேர்."

"பிள்ளைகளும் தின்னுமா?"

"ஓம்" என்றார் அப்பா, அந்த உயர்ந்த குரலில். "சின்ன மகளுக்குத்தான் நல்ல விருப்பம்."

ரயில் நகர்ந்தது. கிழவர் தலையை வெளியே நீட்டி, சின்ன மகளுக்கு நான் தனியாகக் கட்டித் தருகிறேன் என்று கத்திக்கொண்டே போனார். அப்பா கை காட்டிக்கொண்டு நின்றார்.

துரைக்குக் கலியாணமே ஆகவில்லை.